ஈரத்தலை

ஈரத்தலை ஒன்று வெயிலில் நடந்து போகிறது. தெரு முழுக்க உலர்ந்த தலைகள்.

சைப்பிரஸில் மாரிக்காலம் வந்து போய்விட்டது, மழைதான் வரவில்லை. அணைக்குள் மூழ்கிக் கிடந்த பழைய தேவாலயம் வாசற்படி வரை வெளியே வந்துவிட்டது. இனி வரும் வருசங்களில் இந்தத் தண்ணீரும் இருக்காது என்று டிவிக்காரன் சிரித்த முகத்தோடு சொல்கிறான். நாசமாய்ப் போனவன்.

குழாயில் கிழமைக்கு இரண்டு நாள் தண்ணீர். மற்ற நாளெல்லாம் காற்று.

குழாயடியில் ஒரு நீல வாளி. வாளியின் மேல் வெள்ளைத் துணி. வீட்டுக்காரி அந்திரியானி மூடி வைத்தது. அவளுடைய மகன் செத்து ஒரு வருசம். நாளைக்கு அவன் பேரில் கோதுமை அவித்து, சர்க்கரை தூவி, தேவாலயத்தில் கொடுக்க வேண்டும். மாடித் தொட்டி வறண்டுவிட்டது. இருப்பது இந்த ஒரு வாளிதான். "இதைத் தொடாதே, மலர்" என்று சொல்லிவிட்டுத்தான் கல்லறைக்குப் போனாள்.

வீட்டு வேலைக்கு வந்த தவமலரா தொடுகிறவள்? நெடுந்தீவுக்காரி. உவர்க் கிணற்றோடு வளர்ந்தவள். நல்ல தண்ணீரை அவளுடைய ஐயா சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டி, எதிர்க்காற்றில் மிதித்துக் கொண்டுவருவார். சிந்தினால் அடிக்க மாட்டார். மறுபடி சைக்கிளை எடுப்பார். அது அடியைவிட மோசம்.

காலையில் ஊரிலிருந்து தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, ஐயா மோசம் போயிட்டார்." அழுகைக்கு நடுவில், "தோயாமல் இருந்திடாதை. துடக்கு."

சாவுச் செய்தி கேட்டால் தீட்டு, தலை முழுக வேண்டும். அவள் ஊரில் அதற்குக் கேள்வி கிடையாது.

ஒரு கை அள்ளித் தெளித்திருக்கலாம். நெற்றியை மட்டும் நனைத்திருக்கலாம். கடல்கூடப் பக்கத்தில்தான். ஐயோ, அதெல்லாம் பிறகு வந்த புத்தி. அப்போது அவள் துணியை எடுத்தாள். அள்ளி ஊற்றினாள். "ஐயா" என்றாள், ஊற்றினாள். "என்ட ஐயா" என்றாள், ஊற்றினாள். கோப்பை வாளியின் அடியில் இடித்தபோதுதான் கை நின்றது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இங்கே வெள்ளம் எங்கே? போனது ஒரு வாளி.

அந்திரியானி வந்தாள். வாளியைப் பார்த்தாள். சொட்டும் தலையைப் பார்த்தாள். முகம் கறுத்தது.

"மேடம்... என் அப்பா செத்துப்போனார்" என்றாள் தவமலர், அரைகுறைக் கிரேக்கத்தில். "எங்கள் ஆட்கள் குளிக்க வேண்டும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்திரியானி அந்த வெள்ளைத் துணியை எடுத்து அவள் தோளில் போட்டாள். வாளியை அவள் கையில் கொடுத்தாள். "வா."

யாரிடமும் தண்ணீர் கேட்டறியாத வீடு அது. மகன் செத்த கிழமைகூடக் கேட்கவில்லை. இப்போது அந்திரியானி கதவு கதவாகத் தட்டுகிறாள். பின்னால் தவமலர், வாளியோடு. கதவைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தத் தலையைத்தான். தலைக்குத் தண்ணீர் வார்த்து எத்தனையோ நாளானவர்கள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்கிறது.

ஒவ்வொரு வாசலிலும் அந்திரியானி ஒன்றையேதான் சொல்கிறாள்.

"எங்கள் வீட்டில் இரண்டு சாவு. கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்."

இரண்டு. இரண்டு என்கிறாள்.

வாளிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் விழுகிறது. அரைக் கோப்பை விழுகிறது. தலையிலிருந்து ஒரு சொட்டு அதற்குள் விழுந்துவிடக் கூடாதென்று தவமலரால் குனிய முடியவில்லை. நிமிரவும் முடியவில்லை.

ஈரத்தலை வெயிலில் நடந்து போகிறது. பாழாய்ப்போன தலை, இன்னும் காயவில்லை.