மூன்று மணிக்குள் ஒரு கடிதம்

காலை ஒன்பது மணிக்கே சியோல் நகரத்து எங்கள் அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு அந்த லாரி நின்றது. அதன் பக்கவாட்டுத் திரையில் எழுத்துகள் ஓடின: "யூன்சே வெளியேறு! நாக்யங் தலைவரே, தூக்கமா?" நாக்யங் நான்தான். தூங்கி மூன்று நாளாகிறது. ரசிகர்கள் வாடகைக்குப் பிடித்து அனுப்பிய லாரி அது. அவர்களைத் திட்டவும் முடியாது. அவர்கள் வாங்கும் ஆல்பத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

அப்படி என்ன குற்றம்? என் பாட்டுக் குழுவின் ஐந்து பெண்களில் ஒருத்தி, இருபத்திரண்டு வயது யூன்சே, ஹான் ஆற்றங்கரையில் ஒரு பையனோடு ஒரே கிண்ணத்தில் நூடுல்ஸ் தின்றாள். எவனோ படம் பிடித்துவிட்டான். கொலையா செய்தாள்? பாடகி காதலித்தால் இங்கே ரசிகர்களுக்குப் பொறுக்காது.

பாடகியாகப் பத்து வருஷம் பட்டது போதும் என்றுதான் சொந்தக் கம்பெனி தொடங்கினேன். காதல் அவரவர் விஷயம், அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் நானே சேர்த்தேன்.

பதினொரு மணிக்குக் கம்பெனி இயக்குநர் குக் அழைத்தார். என் கம்பெனியில் பாதி அவருடையது.

"மூணு மணிக்குள்ள கைப்பட எழுதின மன்னிப்புக் கடிதம் வந்தாகணும் மேடம். இல்லன்னா வெள்ளிக்கிழமை டிவி நிகழ்ச்சில உங்க குழு கிடையாது."

"என் பொண்ணுங்க யார் கால்லயும் விழ மாட்டாங்க சார்."

"அப்ப மத்த நாலு பேர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. ஏழு வருஷம் பயிற்சி எடுத்ததுங்க, பாவம்."

பாவமாம்! வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைப்பதற்குள் யூன்சே வந்து ஒரு தாளை நீட்டினாள். ஒரு பிழை இல்லாத மன்னிப்புக் கடிதம்.

"யாருடி எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. பயிற்சி எடுக்கறப்பவே நாங்க எல்லாரும் எழுதிப் பழகுவோமே. என்னிக்காவது வேணும்ல."

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மற்ற நான்கு பேரும் ஆடிப் பழகும் காலடிச் சத்தம் கேட்டது. கை எழவில்லை.

"இப்படி அச்சடிச்ச மாதிரி இருந்தா, கம்பெனி எழுதிக் குடுத்ததுன்னு சொல்லுவாங்க" என்றேன். "கோடு போட்ட தாள் வேணாம். ரெண்டு இடத்துல அடிச்சு எழுது. கடைசி வரி கொஞ்சம் சாயட்டும்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பாடகியாக நானும் இப்படி ஒரு கடிதம் எழுதியபோது என் முதலாளி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். சீ என்று இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவள் வேறு தாள் எடுத்து உட்கார்ந்தாள். "பிரிஞ்சிட்டோம்னு எழுதணுமாக்கா?"

"ஆமா."

"நாங்க பிரியலையே."

"மூணு மணிக்குள்ள பிரிஞ்சிடு."

அவள் அழவில்லை. எந்த வார்த்தையை அடித்து எழுதட்டும் என்று மட்டும் கேட்டாள்.