எதிர்வாதம் முடியும்வரை

“இல்லை என்றே தோன்றுகிறது,” என்றார் கோடெர்ட்.

சாகப்போகிறவருக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தோடு நீண்ட பங்குச் சாமியாரின் கை பாதியில் நின்றது. செத்தவர்கள் உடலோடு உயிர்த்தெழுவார்கள் என்று விசுவசிக்கிறீரா என்றுதான் அவர் கேட்டிருந்தார். கொலோன் நகரத்தில் மீன்காரி முதல் நகரசபைத் தலைவர் வரை எல்லோரும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுச் சாகிற கேள்வி அது.

அண்ணன் கோடெர்ட்டின் தலையை மடியில் தாங்கியிருந்த பேலா குறுக்கிட்டாள். “அவசரப்படாதீங்க சாமி. அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார்.”

“எப்படிம்மா? விசுவாசம் இல்லைன்னா?”

“முதல்ல எதிராளி பேசுறதையெல்லாம் பேசுவார். அப்புறம் ‘மாறாக’ன்னு ஒண்ணு வரும். அதுக்கு மேலதான் சொந்தப் பேச்சு. பல்கலைக்கழகத்துல பாடம் சொல்ற எல்லாருக்கும் இதே வியாதி. நேத்து கஞ்சி வேணுமான்னு கேட்டேன். வேணும்னு வந்து சேர்றதுக்குள்ள ஆறிப்போச்சு.”

சாமியார் கிராமத்திலிருந்து புதிதாக வந்தவர். “அந்த ‘மாறாக’ வர்றதுக்குள்ள மூச்சு நின்னுட்டா? கடைசியா காதுல விழுந்ததைத்தானேம்மா நான் எடுத்துக்க முடியும்?”

அதாவது தைலம் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. விசுவாசத்தை மறுத்துச் செத்த படகோட்டி ஒருவனை மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். பன்றிகள் கிளறியதைப் பேலா பார்த்திருக்கிறாள்.

“ஏனெனில், ஒருவன் ஆற்றில் மூழ்குகிறான்,” என்றார் கோடெர்ட், வகுப்புக் குரலில். “விலாங்கு அவனைத் தின்கிறது. விலாங்கைப் பேராலயக் குரு ஒருவர் தின்கிறார். கடைசி நாளில் அந்தச் சதை யாருக்கு?”

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சக ஆசிரியர் டில்மன் ரசித்துத் தலையாட்டினார். கோடெர்ட், இறையியல் மேதை அக்குவினாஸ் தோமாவின் கட்சி. டில்மன் ஆல்பெர்ட்டின் கட்சி. ஆல்பெர்ட்டிடம் பாடம் கேட்டவர்தான் தோமா. குருவுக்கும் சீடனுக்கும் இல்லாத சண்டையை அவர்கள் பேரில் பாடம் நடத்திய இரண்டு மாணவர் விடுதிகள் சிரத்தையாக வளர்த்து வந்தன.

“மேலும், வாழ்நாளெல்லாம் வெட்டிப்போட்ட நகமும் எழுந்து வருமானால்...” என்றார் கோடெர்ட்.

“ஆகா, விலாங்கைவிட இது பலம்,” என்றார் டில்மன்.

“தட்டிக் கொடுக்காதீங்க. மனுஷன் நரகத்து வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருக்கார்,” என்றாள் பேலா.

“மேலும்...” என்ற கோடெர்ட் நிறுத்திவிட்டார். உதடு நீலம் பாரித்தது. சாமியார் குப்பியை மூடத் தொடங்கினார்.

பேலா டில்மன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, இந்த விலாங்குக்கு உங்க விடுதியில பதில் இருக்கா?”

டில்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவு வீடு என்பது அவருக்கு மறந்தே போயிற்று. “எங்ககிட்ட இல்லாமலா? முதல் வருஷப் பையன் சொல்லுவான். தோமாவைக் கட்டிக்கிட்டு அழறவங்களுக்குத்தான் இதுல வழியே கிடையாது. பாவம், கோடெர்ட்டும் என்ன பண்ணுவார்.”

கோடெர்ட்டின் ஒரு கண் திறந்தது.

“மாறாக,” என்றார்.

சாமியார் குப்பியை மறுபடி திறந்தார்.

“மாறாக, உடல் உயிர்த்தெழும் என்கிறது திருச்சபை. நானும் அவ்வாறே விசுவசிக்கிறேன். இதற்கு என் விளக்கம்...”

“விளக்கம் வேண்டாம், போதும்,” என்று சாமியார் பாய்ந்து வந்து நெற்றியில் தைலத்தைப் பூசினார். அவசரத்தில் கொஞ்சம் மூக்கிலும் வழிந்தது. கண், காது, வாய், கை, கால் என்று ஒன்றும் விடுபடவில்லை.

“விலாங்கைப் பொறுத்தவரை...” என்ற கோடெர்ட்டின் மூச்சு அதோடு நின்றது.

பேலா அவர் கண்களை மூடிவிட்டாள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு, மணியடிக்கச் சொல்வதற்காகக் கோயிலுக்குப் போனார். கல்லறைத் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடி காலியாக இருப்பதாகப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

டில்மன் எழுந்திருக்கவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. “விலாங்கைப் பொறுத்தவரை என்னம்மா? உங்கிட்ட எப்பவாவது சொன்னாரா?”

“இல்லைங்க.”

“ஏதோ வெச்சிருந்திருக்கார். முகத்தைப் பார்த்தியா? வெச்சிருந்தார்.”

பேலா அண்ணனின் தலையை மெதுவாகத் தலையணைக்கு மாற்றினாள். சுவரோரம் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றி, வீங்கிய பாதங்களைக் கல்தரையில் நீட்டினாள். தரை குளிர்ந்திருந்தது.