வெட்டாத பக்கங்கள்

பாஸ்டனில் புத்தகங்களைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை சொன்னால் சொன்னதுதான். 'உப்பளக்காரி' நாவலை அது நாலே பத்தியில் குழிதோண்டிப் புதைத்தது. கதாநாயகியைக் கடைசியில் கடலில் மூழ்கடித்தது ஈனத்தனமாம். அவளோ கடைசிப் பக்கமான முந்நூறாம் பக்கத்திலும் உயிரோடு உப்பு வாரிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பது வருஷம் அதை எழுதிய ஈபன் கால்டர், இனி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த நாவல் பாதியில் கிடந்தது. "நாளைக்கு ரொட்டி சுடுறப்ப அதையும் அடுப்புல போட்டுரு" என்றார் மனைவியிடம்.

மறுநாள் மெஹிட்டபெல் ரொட்டி சுடவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு பாஸ்டனுக்கு ரயிலேறினாள்.

பத்திரிகை அலுவலகத்தில், அந்த நாலு பத்தியை எழுதிய விமர்சகர் பிங்க்ஹாமின் அலமாரியில் புத்தகம் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அச்சகத்திலிருந்து தாள்கள் மடிப்போடுதான் வரும். படிக்கிறவர்தான் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும்.

"அறுபதாம் பக்கத்துக்கு மேல கத்தியே படலியே ஐயா. எப்படிப் படிச்சீங்க, மோந்து பாத்தா?"

"வாரத்துக்குப் பதினாலு புத்தகம் வருதும்மா. கடல்ல ஆரம்பிச்சா சாவுலதான் முடிப்பாங்க. எல்லாரும் அப்படித்தான எழுதுறாங்க."

மேசைக் கத்தியை எடுத்து அவளே மிச்சத்தைக் கீறினாள். "படிங்க. நான் உக்காந்திருக்கேன்."

வந்த பெண்மணியை வெளியே தள்ள முடியாமல் மனிதர் படித்தார். சாயங்காலம் ஓரிடத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். இறந்த குழந்தையின் செருப்பைத் தாய் ஞாயிறுதோறும் துடைத்து வாசலில் வைக்கும் பக்கம் அது.

"இதை எழுதுனவன் பெரிய ஆளும்மா." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அச்சானது அச்சானதுதான். இப்ப மாத்திச் சொன்னா, படிக்காம எழுதுனேன்னு ஊரே சிரிக்கும்."

மெஹிட்டபெல்லுக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் அவளுடையது. கணவரின் கோழிக்கிறுக்கலை அச்சகத்துக்கு நகலெடுப்பது அவள் வேலை. தங்கள் பையன் இறந்துபோன வருஷம், நகலெடுக்கும்போது அந்தப் பக்கத்தை இடையில் எழுதிச் சேர்த்தாள். அச்சுப்படி திருத்தியதும் அவளே. எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்கும் வழக்கம் ஈபனுக்குக் கிடையாது. திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமாகவும் இருந்தது.

வீட்டில் ஈபன் பாதி நாவலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றார்.

"முழுசும் படிச்சாரு. மாத்தி எழுத மாட்டாராம். ஆனா அழுதுட்டாரு."

அவர் முகம் நிமிர்ந்தது. "எந்த எடத்துல?"

அவள் கையுறையை மெதுவாகக் கழற்றினாள்.

"புயல் வர்ற எடத்துல. மூணு மாசமா உக்காந்து எழுதுனீங்களே, அது."

"தெரியும். அங்க கல்லும் அழும்" என்று ஈபன் தாள்களை மேசையில் வைத்தார். "நாளைக்கே நகலெடுக்க உக்காரு. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"சரிங்க" என்றாள் மெஹிட்டபெல்.