மருந்து கொடுக்காத எலிகள்

புற்று செல்களை வைத்து, மருந்தே கொடுக்காமல் விட்ட எலிகளையும் அறுத்துப் பார்த்தாகிவிட்டது. அவற்றின் நுரையீரலில் புற்று பரவியிருக்க வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘பட்டாசு’ என்று கூப்பிடும் அந்த ஆராய்ச்சிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? மருந்து கொடுத்த எலிகளின் நுரையீரல் சுத்தமாக இருந்ததைப் பார்த்த கையோடு, மற்ற எலிகளை அறுக்கும்வரைகூடப் பொறுக்காமல், ஆய்வுக்கூட இயக்குநர் டிவியில் உட்கார்ந்து "மார்பகப் புற்று பரவாமல் எங்கள் மருந்து தடுக்கிறது" என்று அளந்துவிட்டு வந்திருந்தார். அதைக் கேட்டவர்களில் பட்டாசின் அக்காவும் ஒருத்தி. மார்பகத்தில் தொடங்கி நுரையீரல்வரை புற்று போனவள். "தங்கச்சி மருந்து வருது, இனி இந்தப் பாழாப்போன கீமோ வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், மருந்து குடுக்காத எலிக்கும் பரவல. அப்ப நம்ம மருந்து எதைத்தான் தடுத்துச்சு?"

"மெதுவா பேசும்மா."

"எதுக்கு மெதுவா? புற்று செல்லை எலியோட மார்புல வைக்கணும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். விலாத்தோலுக்கு அடியில வை, கட்டியை அளக்க சுலபம்னீங்க. அங்க வச்சா கட்டி பெருக்கும், லேசுல பரவாது. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா, மருந்துதான் தடுத்துச்சுன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க!"

"அடுத்த தடவை மார்புல வச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா?"

அவள் போன் அடித்தது. அக்கா. பட்டாசு ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஏய், ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். கீமோ வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்டி! உங்க சாருக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்."

இயக்குநர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார் இங்கதான் இருக்காருக்கா," என்றாள் பட்டாசு. "சொல்லுங்க சார். என்கிட்ட சொன்னதை அவகிட்டயும் சொல்லுங்க. அடுத்த தடவை பார்ப்போம்னு சொல்லுங்க."

அவர் போனை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அக்கா.

"அக்கா, வீட்டுக்குப் போகாத. உள்ள போய், அந்தக் கையெழுத்துப் போட்ட பேப்பரைக் கிழிக்கச் சொல்லு. நான் வர்றேன்."

"அப்ப மருந்து?"

"மருந்தே இல்லக்கா."