நீலாவதி என்ற பெயர்

அப்பா இறந்த முப்பதாம் நாள், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அம்மாவும் நானும் கோலாலம்பூரிலிருந்து போயிருந்தோம். வெளியே பனி இறங்கி மலைச்சரிவே தெரியவில்லை.

அப்பா காளியண்ணன் கோயம்புத்தூரில் படித்துப் பூச்சியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1984இல் மூன்று வருட ஒப்பந்தத்தில் இந்தத் தோட்டத்து ஆராய்ச்சி வேலைக்கு வந்து, முப்பது வருடம் இங்கேயே இருந்துவிட்டார். கொழுந்தைத் துளைக்கும் பூச்சியை விஷமில்லாமல் ஒழிக்க வழி கண்டவர் என்று தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணி ஆண்டியப்பன் மைக்கில் சொன்னார். ஞாயிறுதோறும் அப்பா தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததையும், அவர்களில் பதினோரு பேர் பல்கலைக்கழகம் போனதையும் சொன்னார்.

"துரைமாருங்க லயத்துக்குள்ள கால் வைக்காத காலம். டாக்டர் ஐயா நம்ம சாவு வீட்டுக்கெல்லாம் நடந்தே வருவாரு."

கைதட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். அறுபது வயதிருக்கும். மழைச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"என் பேரு திலகா. நானும் ஒன்னு சொல்லணும். எண்பத்தெட்டுல எங்கக்கா மருந்தடிக்கிற வேலை பாத்தா. புது மருந்து வந்துச்சு. டாக்டர்தான் கலக்கிக் காட்டுனாரு. கையுறை வரட்டும், அப்புறம் அடிக்கலாம்னு அக்கா சொன்னா. ஒரு நாள்தானே, ஒன்னும் ஆகாதுன்னு இவரு சொல்லிட்டாரு. முதுகுல பம்பு ஒழுகியிருக்கு. சாயங்காலம் வாயில நுரை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

ஆண்டியப்பன் மைக்கைக் கீழே வைத்தார்.

"அக்கா பேரு நீலாவதி."

என் பெயரும் அதுதான். அடுத்த வருடம் பிறந்தவள் நான். ஏன் இந்தப் பழைய பெயர் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நல்ல பேரும்மா" என்பதற்கு மேல் அப்பா ஒன்றும் சொன்னதில்லை.

திலகா இப்போது என்னைப் பார்த்துப் பேசினார்.

"பிள்ளைக்கு அக்கா பேர வச்சிருக்கேன்னு வந்து சொன்னாரு. எங்கம்மா கதவச் சாத்திட்டாங்க. உங்க வீடு லயத்துக்கு மேலதானே? நீ விளையாடப் போனா உங்கம்மா 'நீலாவதி, நீலாவதி'ன்னு கூப்பிடுவாங்க. கூப்பிடுறப்பல்லாம் எங்கம்மா எந்திரிச்சு வாசலுக்கு ஓடுவாங்க. சாகுற வரைக்கும் ஓடுனாங்க. டாக்டர் நல்லவருதான் லா. இல்லேன்னு சொல்ல வரல. எங்கம்மாவையும் சேத்து நெனைங்க, அவ்வளவுதான்."

கூட்டம் முடிந்ததும் அம்மா நேராக அவரிடம் போனாள்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அப்படிச் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். உங்க மேல கோவம் இல்ல."

"உங்கம்மா படம் இருக்குதுங்களா?"

திலகா எங்களை லயத்துக்கு அழைத்துப் போனார். சுவரில் அந்தத் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் படமாக இருந்தார்கள். நீலாவதியின் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. முகம் கலங்கித் தெரிந்தது. அம்மா விளக்கேற்றிவிட்டு, அந்தத் தாயின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திலகா கொடுத்த காப்பி ஆறிப்போனது.

காரை எடுத்து வர நான் முன்னால் நடந்தேன். பனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் அம்மா என்னைத் தேடியிருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கையைத் தட்டித் தட்டி, மெல்ல மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள்.