குள்ளக் கோழியின் ஆறு முட்டைகள்

சேவலைக் கீரி கொண்டுபோன பிறகுதான், அப்படி ஒரு சேவல் வீட்டில் இருந்ததே திரவியத்துக்கு உறைத்தது. மனைவி ஞானபாய் இறந்துபோய் நாலு மாதம். அந்த நாலு மாதமும் அவன் வேறு யாருடைய கால்களையோ கொண்டு நடப்பவன் போல திருவிதாங்கூர் சர்க்காரின் ஹஜூர் கச்சேரிக்குப் போனான், குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தான், நந்தன்கோட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

குள்ளக் கோழிகள் அவள் வளர்த்தவை. சீமைக்குத் திரும்பிய மிஷன் துரைசானி ஒருத்தி கொடுத்த ஜோடி. புறாவைவிடக் கொஞ்சம் பெரிது. தும்பைப்பூ வெள்ளை. விரல்நுனி வரை இறகு. நடந்தால் முற்றத்தில் பஞ்சு உருளும். சந்தைக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது. பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது மிச்சம் ஒரு பெட்டை. சேவல் இருந்தபோது அது இட்ட ஆறு முட்டைகள். அவை பொரிக்காவிட்டால் ஞானபாயின் கோழிகள் அந்தப் பெட்டையோடு தீர்ந்தன.

பெட்டை அடைக்கு உட்காரவில்லை. பக்கத்து வீட்டில் பால் விற்கும் முத்தாரம்மாளின் நாட்டுக்கோழி அடையில் இருந்தது. முட்டைகளைத் துண்டில் பொதிந்து எடுத்துப் போனான்.

அவள் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு மோந்தாள்.

"இதென்ன சாரே, சோப்பு மணக்குது?"

"அழுக்கா இருந்துது அக்கா. கழுவினேன்."

"அட பாவி மனுஷா! முட்டைக்கும் ஞானஸ்நானம் குடுத்தாச்சா? மேல உள்ள பூச்சு போனா உள்ள கெட்டுப்போவுமே. பி.ஏ.யில இதொண்ணும் சொல்லித் தரமாட்டாவளா?"

அவன் துண்டின் ஓரத்தைச் சுருட்டினான்.

"ஆறையுமா கழுவினீரு?"

"நாலு. பொறவு சோப்பு தீர்ந்துபோச்சு."

"அந்த மட்டும் நல்லது," என்று அவள் சிரித்தாள். அது ஞானபாயின் சோப்பு என்று அவன் சொல்லவில்லை.

இடிக்கு முட்டை கலங்காமலிருக்க, முத்தாரம்மாள் அடைக்கூடையில் முட்டைகளோடு ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போட்டாள். துலாம் மாதம், ஐப்பசி மழை. நாள் தவறாமல் மூன்று மணிக்கு வானம் கறுத்து இடித்தது. கச்சேரியில் திரவியத்தின் பேனா அப்படியே நின்றுவிடும். மழைச் சத்தத்துக்குள் ஃபைல் கட்டுகளின் மேல் வெள்ளையாக ஏதோ மெல்ல நடந்துபோகும். பக்கத்து மேஜைக்காரர் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும்.

அடை வைத்த பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்ததும் முத்தாரம்மாள் வாயகன்ற வெண்கல உருளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தாள்.

"உசிரு இருந்தா ஆடும். மூச்சு விடாதயும்."

ஆறும் மிதந்தன. தண்ணீரில் மேகம் கிடந்தது. முட்டைகள் அதன் மேல் கிடப்பதுபோல் இருந்தது. எதுவும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு ஓரத்தில் இருந்த ஒன்று தலையசைப்பதுபோல ஒருதரம் ஆடியது. மெல்லிய வளையம் ஒன்று உருளியின் விளிம்பைத் தொட்டது.

"ஒண்ணு," என்றாள் முத்தாரம்மாள்.

மறுபடி காத்திருந்தார்கள். மேகம்தான் நகர்ந்தது.

ஐந்தைப் பலாமரத்தடியில் புதைத்தான். ஒன்று கோழியின் அடியில் திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் அவன் கச்சேரிக்குப் போகவில்லை. மழை விடவேயில்லை. உச்சிப்பொழுதில் கூடைக்குள்ளிருந்து ஊசிமுனை போல ஒரு சத்தம் வந்தது. நாட்டுக்கோழி தொண்டைக்குள் அதற்குப் பதில் சொன்னது.

ஈரம் காய்ந்த பிறகு முத்தாரம்மாள் குஞ்சை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். எடையே இல்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. கால்விரல்களில் பொடிப்பொடியாக இறகு.

"சேவலா அக்கா?"

சேவல் என்றால் வம்சம் உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

"தெரிய ரெண்டு மாசம் ஆவும். என்ன, இப்பமே கச்சேரிக்கு எழுதி அனுப்பணுமா?"

"வேண்டாம். ஆவட்டும்."

சாரல் படாத பக்கமாகத் திரும்பி, கையை மூடாமல், அவன் தரையில் உட்கார்ந்தான்.