லைன்ல இருக்கீங்களா?

துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவர்கள் திட்டுவதற்கென்றே ஒரு தொலைபேசி எண் உண்டு. அதன் மறுமுனையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தாள் அவள். தண்ணீர் ஒழுகினாலும் திட்டு. வெள்ளைச் சட்டையோடு சிவப்புத் துண்டைப் போட்டுச் சாயம் ஏற்றிக்கொண்டாலும் திட்டு. குறுக்கே பேசாமல் கேட்பாள், புகாரைப் பதிவு செய்வாள். எதிராளி சட்டென்று மௌனமானால், லைன் கட்டாகிவிட்டதா, ஆள் இருந்துகொண்டே பேசாமலிருக்கிறாரா என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பொறுமைக்கா' என்று பெயர். அந்தப் பொறுமை வீட்டில் விலைபோகவில்லை.

கணவன் நேரம் கழித்து வீடு திரும்பத் தொடங்கியபோது அவள் சந்தேகப்படவில்லை, ஜெபித்தாள். தனியாக ஜெபித்திருந்தால் தேவலை. சபைப் பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கும் தோழியிடம் மனம்விட்டுச் சொன்னாள். வியாழக்கிழமைதோறும் இருவரும் முழங்காலில் நின்றார்கள். "ஆண்டவரே, இவ வீட்டுக்காரர் சீக்கிரமா வீட்டுக்கு வரணும்" என்று தோழி கண்ணீரும் கம்பலையுமாக வேண்டுவாள். உரக்க ஆமென் சொல்வதும் தோழிதான். அவர் சீக்கிரமாகத்தான் வந்துகொண்டிருந்தார், தோழியின் வீட்டுக்கு.

விவாகரத்துத் தீர்ப்பு ஒன்பது நிமிஷத்தில் முடிந்தது. அன்று மத்தியானமே வேலைக்குப் போய்ப் பதினான்கு புகார் வாங்கினாள். அழுகையும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. முழங்காலிட்டால் போதும், பக்கத்திலிருந்து தோழியின் குரல் கேட்கும், வாய் பூட்டிக்கொள்ளும். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. புருஷன் போனதைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து பேசிவந்த ஆண்டவரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போதகர் பார்க்க வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

"மன்னிச்சிட்டீங்களாம்மா?"

"நான் இன்னும் சொல்லியே முடிக்கல ஐயா."

"மன்னிச்சிட்டா மனசு லேசாயிடும்."

"எங்க ஆபீஸ்ல ஆள் பேசி முடிக்கிறதுக்குள்ள புகாரை மூடினா வேலை போயிடும் ஐயா."

போதகர் தலையாட்டிவிட்டு, சுருக்கமாக ஒரு ஜெபம் செய்து, காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ஒரு பெரியவர் போன் செய்து, இயந்திரத்தின் கதவைச் சாத்த முடியவில்லை என்று கால் மணி நேரம் வறுத்தெடுத்தார். திடீரென்று நிறுத்தினார்.

"லைன்ல இருக்கீங்களாம்மா? கட்டாயிடுச்சோ?"

"இருக்கேன் சார்."

"சத்தத்தையே காணோமே?"

"நீங்க முழுசா சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன் சார்."

"ஓ" என்றார் பெரியவர். அதற்குமேல் திட்டவில்லை.

புகார் எண்ணைச் சொல்லி அழைப்பை முடித்தவள், வெகுநேரம் அடுத்த அழைப்பை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவள் முழங்காலிடவில்லை. ஹெட்செட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆண்டவரிடம் ஆரம்பித்தாள்.

"அவ என் பக்கத்துல நின்னு வேண்டினது உங்க காதுல விழுந்துச்சுல்ல? உங்களையும் கூடவே இருந்த சீஷன்தானே முத்தம் குடுத்துக் காட்டிக்குடுத்தான்? அந்த வலி உங்களுக்குத் தெரியாததா? அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

இருபது நிமிஷம் பேசினாள். கல்யாணத்தில் தொடங்கி, அவன் எடுத்துக்கொண்டு போன நல்ல குடை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து கற்ற இரண்டு வசவுகளும் நடுவில் வந்து விழுந்தன. கடைசியில் தொண்டை வறண்டு நிறுத்தினாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

பதில் வரவில்லை. பதினோரு வருஷப் பழக்கத்தில் காது தானாகவே அந்த மௌனத்தைச் சோதித்துப் பார்த்தது.

கட்டாகவில்லை.

மேஜைமேல் தலையைக் கவிழ்த்துப் பொலபொலவென்று அழுதாள். எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"புகார் இன்னும் முடியல. நாளைக்கும் வருவேன்" என்றாள்.

பிறகு, பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால், ஆமெனையும் அவளே சொன்னாள்.